நின்றது ஏன் திரும்ப வருகிறது? - ஒரு குடல் கிருமியின் கதை

அகமதாபாத்தில் மணிநகர் பக்கம் தமிழர்கள் நிறைய. மில் வேலைக்காக இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே வந்தவர்கள். என்னைப்போல டிரான்ஸ்ஃபரில் வந்து இறங்கிய பேங்க்காரர்கள் பின்னால் சேர்ந்தவர்கள். டிபன் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். பையனுக்கு வயது 19. லோன், இன்ஷூரன்ஸ் பேப்பர் என்று நான் கூடமாட ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஒரு நாள் கேட்டார்.

"தம்பி, ரத்தத்துல நோய் நல்லா குறைஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா வயித்துப்போக்கு மூணாந்தடவையா வந்திருக்கு. மருந்து குடுத்தா நிக்குது, நிறுத்தின ரெண்டு வாரத்துல திரும்ப வருது. இதனால கீமோ தள்ளிப்போகுது. கேன்சரைப் பிடிக்கிறவங்களுக்கு இந்தப் பேதியைப் பிடிக்க முடியலையா?"

ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் இருந்தது. க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில். (2016-ல் குடும்பப் பெயரை க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் என்று மாற்றிவிட்டார்கள். நாம் சுருக்கமாக டிஃபிசில் என்றே வைத்துக்கொள்வோம்.) நான் படித்தது பி.காம். பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தால் ஓட்டையைக் கண்டுபிடிப்பேன், வயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அண்ணாச்சியின் கேள்விக்காகப் படிக்க ஆரம்பித்தேன், தெரிந்த டாக்டர் ஒருவரைத் தொந்தரவு செய்தேன். கடைசியில் கிடைத்தது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சந்தேகப்படாத கிருமி

1893-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஜான் ஃபின்னி என்ற சர்ஜன் ஒரு குறிப்பை வெளியிட்டார். இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்ட 22 வயதுப் பெண்ணுக்குச் சில நாட்களில் கடும் வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனாள். உடலைத் திறந்து பார்த்தால், குடலின் உட்சுவரில் தொண்டை அடைப்பான் நோயில் வருவதுபோல ஒரு போலிச் சவ்வு படர்ந்திருந்தது. அப்போது ஆன்டிபயாடிக் என்ற சொல்லே கிடையாது. காரணம் யாருக்கும் புரியவில்லை.

1935-ல் டென்வர் நகரில் இவான் ஹால், எலிசபெத் ஓ'டூல் என்ற இருவர் பிறந்த குழந்தைகளின் மலத்தில் என்னென்ன கிருமிகள் குடியேறுகின்றன என்று ஆராய்ந்தார்கள். அதில் ஒரு புதிய பாக்டீரியா அகப்பட்டது. பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதால் 'கஷ்டமானது' என்ற பொருளில் லத்தீனில் டிஃபிசிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது உண்டாக்கும் நச்சு கினி எலிகளைக் கொன்றது. ஆனால் அதைச் சுமந்த குழந்தைகளோ கொழுகொழுவென்று நன்றாக இருந்தன. ஆகவே இது மனிதனுக்குத் தீங்கு செய்யாத கிருமி என்று ஃபைலை மூடிவிட்டார்கள். அடுத்த நாற்பது வருஷம் யாரும் அந்த ஃபைலைத் திறக்கவில்லை.

ஒரே லேபிலிருந்து இரண்டு மருந்துகள்

இங்கே நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து அமெரிக்கா போனவர். லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது அவருடைய குழு அமினாப்டெரின் என்ற மருந்தைத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று 1948-ல் எழுதினார். கீமோதெரபியின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது.

அதே 1948-ல், அதே லெடர்லி லேபிலிருந்து, சுப்பாராவின் பொறுப்பில் இருந்த பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்த ஆரியோமைசின் வெளியே வந்தது. பல வகைக் கிருமிகளை ஒரே அடியில் வீழ்த்தும் டெட்ராசைக்ளின் இன ஆன்டிபயாடிக்குகளில் அதுதான் முதலாவது. சுப்பாராவ் அந்த வருஷம் ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

இரண்டும் கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய பரம்பரையின் முதல் மருந்துகள். ஆனால் ஒரு விஷயம் அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கீமோ, வேகமாகப் பெருகும் புற்றணுக்களோடு சேர்த்துக் குடல் சுவரின் அணுக்களையும் வெள்ளை அணுக்களையும் குறைக்கும். பல கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக், நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் காலம் காலமாகக் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் காலி செய்யும். இரண்டும் ஒரே உடம்பில் சேரும்போது டிஃபிசிலுக்குக் கதவு திறந்துவிடுகிறது. புற்றுநோய் வார்டில் இரண்டும் சேராமல் இருப்பது அபூர்வம்.

எல்லாவற்றையும் துடைத்துவிடு

1950-களிலும் 60-களிலும் ரத்தப் புற்றுநோயாளிகள் எதனால் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கணக்கெடுத்தது. 1954 முதல் 1963 வரை 414 நோயாளிகள். ரத்தக் கசிவினால் சாவது குறைந்துகொண்டே வர (பிளேட்லெட் ஏற்றும் முறை வந்ததால்), கிருமித் தொற்றினால் சாவது மேலே வந்தது. 1966-ல் ஜெரால்ட் போடி குழுவினர் இன்னொரு கணக்கைப் போட்டார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 1000-க்குக் கீழே போனால் தொற்று கூடுகிறது, 100-க்குக் கீழே போனால் ஆபத்து உச்சம். இன்றும் கீமோ எடுப்பவர்களின் வீட்டில் "கவுன்ட் எவ்வளவு?" என்று விசாரிக்கிறோமே, அந்தக் கேள்வி இங்கிருந்து வந்ததுதான்.

தொற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பாதிக் கிருமிகள் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே கிளம்பின. சரி, குடலையே சுத்தம் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். நோயாளியைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்தார்கள். அதற்கு 'லைஃப் ஐலண்ட்' என்று பெயர், உயிர்த்தீவு. வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய சாப்பாடு. கூடவே ரத்தத்தில் சேராமல் குடலிலேயே தங்கி வேலை செய்யும் ஆன்டிபயாடிக்குகளை வாய்வழியாகக் கொடுத்தார்கள். ஜென்டாமைசின், வான்கோமைசின், நிஸ்டாடின் மூன்றும் சேர்ந்த கலவை ரொம்பப் பிரசித்தம்.

யோசனை தர்க்கரீதியாகச் சரிதான். நடைமுறையில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அந்த மருந்துகளின் கசப்பும் குமட்டலும். கீமோவில் ஏற்கெனவே வாந்தி எடுப்பவரால் எத்தனை நாள் குடிக்க முடியும்? இரண்டாவதுதான் முக்கியம். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் காலியான குடலுக்குள் முதலில் ஓடி வந்து உட்கார்ந்தது பெரும்பாலும் மோசமான, மருந்துக்கு அடங்காத கிருமிகள்.

காலி மனையைக் காலியாகவே விட்டுவைத்தால் யார் முதலில் கொட்டகை போடுவார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன! :-)

எலிகள் சொன்ன பதில்

இதற்கான விளக்கம் ஏற்கெனவே ஒரு மூலையில் கிடந்தது. சிகாகோவில் மார்ஜரி போன்ஹாஃப், பிலிப் மில்லர் இருவரும் எலிகளுக்கு சால்மோனெல்லா கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலியில் தொற்று உண்டாக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பாக்டீரியா தேவைப்பட்டது. முன்கூட்டியே ஒரு டோஸ் ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவான பாக்டீரியாவே போதுமாக இருந்தது. இது 1962-ல் வெளியான கணக்கு. ஒரு லட்சம் எங்கே, பத்து எங்கே!

1971-ல் நெதர்லாந்தின் டிர்க் வான் டெர் வாய் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். 'குடியேற்ற எதிர்ப்பு' என்று தமிழில் சொல்லலாம். ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு புதியவனை உள்ளே விடாமல் செய்கின்றன. குறிப்பாக, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வகைகளுக்கு இந்தக் காவல் வேலையில் பெரிய பங்கு. எல்லாவற்றையும் துடைப்பதைவிடக் கெட்டதை மட்டும் குறைத்து, காவல்காரர்களை விட்டுவைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன பாடம்.

வரவையும் செலவையும் மட்டுமே பார்த்த கணக்கில், கையிருப்பு என்று ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்தியவர் இவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

குற்றவாளி அகப்பட்டது

போலிச் சவ்வுக் குடல் அழற்சி ஆன்டிபயாடிக் வந்த பிறகு அடிக்கடி தலைகாட்டியது. 1950-களில் பழியைச் சுமந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ். அதற்கு எதிராக வான்கோமைசினை வாய்வழியாகக் கொடுத்தார்கள், குணமும் கிடைத்தது. (வான்கோமைசின் போர்னியோ காட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. 1958-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.) தவறான குற்றவாளியை நினைத்துக் கொடுத்த மருந்து, தற்செயலாகச் சரியான குற்றவாளியையும் அடித்துக்கொண்டிருந்தது.

அதே 1958-ல் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற சர்ஜன், பிழைப்பதே சந்தேகம் என்ற நிலையில் இருந்தவர்கள் உட்பட நான்கு நோயாளிகளுக்கு, ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்தார். நான்கு பேரும் பிழைத்தார்கள். முகம் சுளிக்காதீர்கள், பின்னால் இந்த விஷயம் பெரிய ஆளாகத் திரும்பி வரப்போகிறது.

1974-ல் செயின்ட் லூயிஸில் ஃப்ரான்சிஸ் டெடெஸ்கோ, க்ளின்டாமைசின் எடுத்துக்கொண்ட 200 நோயாளிகளைக் கவனித்தார். 21 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு, 10 சதவீதம் பேருக்குப் போலிச் சவ்வு. அடுத்து பாஸ்டனில் ஜான் பார்ட்லெட் குழு, க்ளின்டாமைசின் கொடுத்தால் இறந்துபோகும் ஹாம்ஸ்டர் எலிகளை வைத்து நச்சைத் தேடியது. 1978-ல் விடை கிடைத்தது. நச்சை உண்டாக்கியது, 1935-ல் ஃபைல் மூடப்பட்ட அதே டிஃபிசில்.

1982-ல் இன்னொரு செய்தி வந்தது. ஆன்டிபயாடிக்கே எடுக்காமல், கீமோ மட்டும் எடுத்துக்கொண்ட புற்றுநோயாளிகளிலும் இதே கிருமியால் குடல் அழற்சி. அதாவது ஆன்டிபயாடிக்கை மட்டும் நிறுத்தி இவர்களைக் காத்துவிட முடியாது.

நின்றது ஏன் திரும்ப வருகிறது?

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம்.

டிஃபிசில் நெருக்கடி வந்தால் ஸ்போர் என்ற உறக்க நிலைக்குப் போய்விடும். கெட்டியான ஓடு போட்ட விதை மாதிரி. பேங்கில் வருஷக்கணக்காக அசையாமல் கிடக்கும் டார்மென்ட் அக்கவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வான்கோமைசின் விழித்திருக்கும் பாக்டீரியாவைத்தான் தாக்கும். உறங்கும் ஸ்போரை ஒன்றும் செய்யாது. பேதி நிற்கிறது, மாத்திரையை நிறுத்துகிறார்கள், ஸ்போர் கண் விழிக்கிறது.

கண் விழித்தாலும் நல்ல குடலில் அது பிழைக்க முடியாது. கல்லீரலிலிருந்து வரும் பித்த அமிலங்களில் சில, ஸ்போரை எழுப்பிவிடும் குணம் உள்ளவை. நல்ல பாக்டீரியாக்களில் சில வகைகள் அந்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். மாற்றிய வடிவம் டிஃபிசிலை வளரவிடாது. 2015-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் இந்த வேலையைச் செய்யும் க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்ற பாக்டீரியாவைப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். பெயரில் டிஃபிசிலுக்குச் சொந்தக்காரன், வேலையில் பகையாளி.

சிக்கல் என்னவென்றால், வான்கோமைசின் இந்த நல்லவர்களையும் சேர்த்துக் கொல்கிறது. நோயை நிறுத்தும் அதே மருந்து, நோய் திரும்பி வர இடத்தையும் ஒழித்துத் தருகிறது. முதல் தடவை வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வரும். ஒருமுறை திரும்பி வந்தவர்களுக்கு அடுத்த தடவை வரும் வாய்ப்பு 40 சதவீதத்தைத் தாண்டும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கிருமியின் நச்சுக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி செய்துகொண்டால் நோய் திரும்புவது குறைவு என்று 2001-ல் பாஸ்டன் ஆய்வு ஒன்று காட்டியது. புற்றுநோயாளியின் உடம்பில் அந்த உற்பத்தியே படுத்துக்கிடக்கிறது. மேலும் ஒவ்வொரு கீமோ சுற்றிலும் கவுன்ட் இறங்கும், காய்ச்சல் வரும், ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும். கவுன்ட் இல்லாத நேரத்துக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஆகவே மற்றவர்களுக்குச் சொல்வதுபோல "ஆன்டிபயாடிக்கை விட்டுவிடுங்கள்" என்று இவர்களுக்குச் சொல்ல முடியாது. தடுப்பு என்பது இவர்களுக்குக் கத்தி முனையில் நடப்பது.

சோப்பும் சட்டமும்

2003-க்குப் பிறகு இந்தக் கிருமியின் வீரியமான ஒரு வகை கிளம்பியது. கனடாவின் க்யூபெக்கில் 2004-ல் 12 ஆஸ்பத்திரிகளில் 1,703 நோயாளிகள். இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் ஆஸ்பத்திரியில் 2003-க்கும் 2005-க்கும் இடையில் இரண்டு அலைகள், 334 நோயாளிகள், குறைந்தது 33 சாவுகள். அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகம் தொற்றுத் தடுப்பைவிட மற்ற இலக்குகளுக்கு முன்னுரிமை கொடுத்தது என்று 2006-ல் வந்த அரசு விசாரணை அறிக்கை கடுமையாகச் சொன்னது.

இந்தப் புது வகைக்கு ஃப்ளூரோக்வினலோன் இன ஆன்டிபயாடிக்குகள் (சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகையறா) உறைக்கவில்லை. அதே மருந்துகளைத்தான் புற்றுநோய் வார்டுகளில், காய்ச்சல் வருவதற்கு முன்பே தடுப்பாகக் கொடுக்கலாம் என்று 2005-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டியிருந்தன. ஒரு கையால் ரத்தத் தொற்றைத் தடுக்கும் மருந்து, மறு கையால் டிஃபிசிலுக்கு வழிவிடக்கூடும். இந்தத் தராசு இன்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கிலாந்து இரண்டு காரியம் செய்தது. எண்ணிக்கையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வைத்தது. சில ஆன்டிபயாடிக்குகளைக் கட்டுப்படுத்தியது. 2007-08-ல் 55,000-க்கு மேல் இருந்த தொற்றுகள் ஆறே வருஷத்தில் கால்வாசி அளவுக்கு இறங்கின. இதில் பெரும்பங்கு ஃப்ளூரோக்வினலோனைக் குறைத்ததற்கே என்று 2017-ல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது.

இன்னொரு எளிய பாடம் கை கழுவுவது. ஸ்போரை ஆல்கஹால் ஜெல் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் தள்ள வேண்டும். கழிப்பறையையும் கட்டில் கம்பியையும் குளோரின் கலந்த கரைசலால் துடைக்க வேண்டும், சாதாரண பினாயில் போதாது. மாதக்கணக்கில் தரையில் காத்திருக்கக்கூடிய கிருமி இது.

காக்கும் மருத்துவம்

2011-ல் ஃபிடாக்சோமைசின் வந்தது. டிஃபிசிலை அடிக்கும், ஆனால் மற்றவர்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். அந்த ஆய்வுகளில் பங்கேற்ற 1,105 பேரில் புற்றுநோயாளிகள் 183 பேர். அவர்களை மட்டும் தனியாகப் பிரித்து 2013-ல் கணக்குப் பார்த்தார்கள். வான்கோமைசின் எடுத்தவர்களில் 29.6 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, ஃபிடாக்சோமைசின் எடுத்தவர்களில் 13.5 சதவீதம். பாதிக்கும் குறைவு. விலைதான் பெரிய தடை.

2016-ல் நச்சை முடக்கும் ஆன்டிபாடி ஊசி பெஸ்லோடாக்சுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோயாளிகளில் திரும்ப வருவது ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 2025 ஜனவரியில் கம்பெனி அந்த மருந்தை நிறுத்திவிட்டது. வேலை செய்யும் மருந்தும் காணாமல் போகும் என்பதை இந்தத் துறையில் பார்க்கலாம்.

ஸ்டெம் செல் மாற்று செய்துகொள்பவர்களுக்கு நோய் வருமுன்னே மருந்து கொடுக்கலாமா என்றும் பார்த்தார்கள். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி தன் பதிவேடுகளைப் புரட்டியதில், குறைந்த அளவு வான்கோமைசின் தடுப்பாக எடுத்த 90 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை, எடுக்காத 55 பேரில் 11 பேருக்கு வந்திருந்தது. இது 2019-ல் வந்தது. கண்ணைப் பறிக்கும் எண்தான். ஆனால் ஒரே இடத்துக் கணக்கு, அதுவும் பின்னோக்கிப் பார்த்தது. காவல்காரர்களையும் கொல்லும் மருந்தையே காவலுக்கு வைக்கிறோமே என்ற சங்கடம் இதில் இருக்கிறது.

ஐஸ்மனின் எனிமாவுக்கு 2013-ல் மறுபிறவி. ஆம்ஸ்டர்டாமில், திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலக் கரைசலைக் குழாய் வழியே கொடுத்தார்கள். ஒரே தடவையில் 16 பேரில் 13 பேருக்கு நோய் திரும்பவில்லை. வான்கோமைசின் மட்டும் எடுத்தவர்களில் 13-க்கு 4. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் எல்லாப் புற்றுநோயாளிக்கும் கொடுத்துவிடலாமே? 2019-ல் அதற்கு ஒரு கசப்பான பதில் வந்தது. அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகளில், ஒரே கொடையாளியிடமிருந்து வந்த சரக்கில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலி இருந்திருக்கிறது. இரண்டு நோயாளிகளுக்கு ரத்தத் தொற்று, அதில் ஒருவர் இறந்துவிட்டார். அவர் ரத்த நோய்க்காக ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர். எதிர்ப்பு சக்தி உள்ளவருக்குத் துணையாக வரும் கூட்டத்தில் ஒரே ஒரு திருடன் இருந்தாலும், கவுன்ட் இல்லாதவருக்கு அது போதும். அதன்பிறகு கொடையாளிச் சோதனைகள் இறுகின. 2022 நவம்பரில் எனிமா வடிவிலும், 2023 ஏப்ரலில் சுத்திகரித்த ஸ்போர்களைக் கொண்ட மாத்திரை வடிவிலும் தரப்படுத்திய மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரை ஆய்வில் எட்டு வாரத்துக்குள் நோய் திரும்பியவர்கள் 12 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் 2018-ல் வருகிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஸ்டெம் செல் மாற்றுக்கு முன்பே நோயாளியின் சொந்த மலத்தை வாங்கி உறைய வைத்தார்கள். சிகிச்சை முடிந்து, கவுன்ட் ஏறிய பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 25 பேரில் 14 பேருக்குக் கொடுத்ததில், அவர்களுடைய பழைய குடல் பாக்டீரியாக்கள் பெருமளவு திரும்பின. நல்ல நாளில் போட்டுவைத்த டெபாசிட்டைக் கெட்ட நாளில் எடுத்துக்கொள்வது. நோய் திரும்புவதை இது எவ்வளவு தடுக்கும் என்பதற்குப் பெரிய ஆய்வுகள் தேவை. ஆனால் 2020-ல் நான்கு நகரங்களின் 1,362 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு, குடலில் பல வகைப் பாக்டீரியாக்கள் மிச்சமிருந்தவர்களே மாற்றுக்குப் பிறகு அதிகம் பிழைத்தார்கள் என்று காட்டியது. ஆக அந்தக் கையிருப்பின் மதிப்பு இந்த ஒரு கிருமியோடு முடிவதில்லை.

நமக்கு என்ன?

உயிர்த்தீவிலிருந்து உறைய வைத்த டெபாசிட் வரை அரை நூற்றாண்டு. துடைத்து எடுப்பதில் ஆரம்பித்து, காப்பாற்றி வைப்பதில் வந்து நிற்கிறது. இதில் பாதி விஷயங்கள் நம் கைக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. எட்டுகிற விஷயங்களும் இருக்கின்றன.

கீமோ எடுப்பவருக்கு வரும் எல்லாப் பேதியும் டிஃபிசில் அல்ல. கீமோ மருந்தே வயிற்றைக் கலக்கும், வைரஸ்களும் உண்டு. ஆகவே பரிசோதனை இல்லாமல் கடையில் பேதி மாத்திரை வாங்கிக் கொடுக்கக்கூடாது. இன்னொருவர் சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கவே கூடாது. 2014 மார்ச் முதல் 46 மருந்துகளை 'எச்1' பட்டியலில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசு வைத்திருக்கிறது. நாம்தான் கடைக்காரரிடம் "அண்ணே, ரெண்டே ரெண்டு குடுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நல்ல பாக்டீரியாதானே என்று புரோபயாடிக் பாக்கெட்டை நாமாக வாங்கிக் கொடுப்பதும் இவர்களுக்கு ஆபத்து. கவுன்ட் குறைந்த நேரத்தில் அதிலுள்ள உயிர்களே, குறிப்பாக ஈஸ்ட் வகை, ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் ஜெல் தடவிக்கொண்டால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

டாக்டரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். இப்போது ஓடும் ஆன்டிபயாடிக்குகளில் எதையாவது நிறுத்தவோ குறுக்கவோ முடியுமா? அசிடிட்டி மாத்திரை இன்னும் தேவையா? (அதற்கும் டிஃபிசிலுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.) அடுத்த தடவை காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது, பழையபடி பேதி திரும்பாமல் இருக்க என்ன ஏற்பாடு? பதிலை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். ஆனால் கேள்வி அவருடைய மேஜைக்குப் போவது வீட்டுக்காரர்களின் பொறுப்பு.

அண்ணாச்சிக்கு இதில் கால்வாசியைத்தான் சொன்னேன். மூன்று கேள்விகளையும் டிபன் கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். பையனுக்கு நாலாவது தடவை வராமல் இருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் "கேன்சரைப் பிடிக்கிறவங்களுக்குப் பேதியைப் பிடிக்க முடியலையா" என்ற அவருடைய கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பிடிப்பது மட்டுமே வழி என்று நினைத்திருந்த வரைக்கும் முடியவில்லை. குடலில் ஏற்கெனவே இருக்கிறவர்களை விட்டுவைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக முடிகிறது.